செத்தலற்ற மீன்

அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து முதலாவதாகச் செய்த வேலை, என் மனைவி அகஸ்ரினா போட்டு வைத்த சோற்றுப் பீங்கானை இரண்டு விரலால் தள்ளி வைத்ததுதான்.

புதுப் பீங்கான். கடையில் ஒட்டின சீட்டுக்கூட அடியில் இன்னும் இருந்தது. சோற்றுக்கு மேல் திருக்கைக் குழம்பு, பக்கத்தில் நண்டுப் பிரட்டல், கூனி இறால் இடித்த சம்பல், பூசணிக்காய்க்குள்ளும் கூனி. திருக்கையை நானே விடியற்காலையில் சிலாவத்துறைக் கரைக்குப் போய், வள்ளம் வரும்வரை நின்று வாங்கி வந்தேன். குழம்புக்கு முப்பது செத்தல் மிளகாய் அரைத்தோம். வாசலில் நின்ற ஆட்களுக்கே தும்மல் வந்தது.

பிள்ளை குனிந்து பார்த்தது. இங்கிலீசில் ஏதோ சொன்னது. தலையை ஆட்டியது. பிறகு தன் பையைத் திறந்து மூடி உடைக்காத ஒரு தகரப்பேணியை எடுத்து, தானே திறந்து, தன் கரண்டியாலேயே தின்றது. அகஸ்ரினா அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"ஏனப்பா, உறைப்பெண்டு பயப்பிடுதோ?"

"உறைப்போ இல்லையோ எண்டு வாயில வைச்சால்தானே தெரியும்," என்றேன். "இது வாயிலயே வைக்கேல்லை."

எங்கள் வீட்டில் வாயில் வைக்காத ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்கள் கிணறு வெட்டுவோம், சீமெந்துக் கல் அரிவோம், மண் சுமப்போம். கூலிக்குப் போன வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு முருங்கைக்குக் கீழே, இலையில். தண்ணீர் கேட்டால் செம்பை உயரத் தூக்கிப் பிடித்து, படாமல், எங்கள் கைக்குள் ஊற்றுவார்கள். நாங்கள் குனிந்து கையை வாயில் வைத்துக் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அவர்கள் வந்தால் ஒரு சோடா மட்டும் எடுப்பார்கள். அதுவும் மூடியோடு வேண்டும். தாங்களே திறந்துதான் குடிப்பார்கள்.

இருபது வருசம் இந்தியாவில் மண்டபம் முகாமில் இருந்தோம். அங்கே, செம்பைத் தூக்குகிற அந்த ஆட்களில் ஒருவரான றொபேட் சம்மாட்டியின் தாயும் என் தாயும் ஒரே குழாயில் குடம் வைத்தார்கள், ஒரே வரிசையில் அரிசிக்கு நின்றார்கள். சண்டை முடிந்து, முசலிப் பக்கம் கொண்டுவந்து குடியேற்றி மூன்று மாதம் ஆகவில்லை, செம்பு திரும்பவும் உயரத்துக்குப் போய்விட்டது. சம்மாட்டிக்கு இப்போது நாலு வள்ளம்.

அதனால்தான் மூடி உடைக்காத அந்தப் பேணியைக் கண்டதும் எனக்குத் தலைக்குள் ஏறியது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். யார் என்றும் முடிவுகட்டினேன்.

விசயம் இதுதான். லண்டனில் ஒரு யூதப் பள்ளிக்கூடம். அங்கிருந்து எட்டுப் பிள்ளைகளை ஒரு ரீச்சர் கூட்டிவந்திருந்தா. என் மகள் டிலானி மன்னாரில் சிஸ்ரர்மாரின் பள்ளிக்கூடத்தில் விடுதியில் நின்று படிக்கிறாள். அங்கே எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்து, ஆளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை வீட்டில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆவணி மாதம் எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேரும் அங்கே போய் மூன்று கிழமை நிற்பார்கள். ஒரு கட்டுப்பாடு இருந்தது. இங்கே நின்ற பிள்ளை, 'இவளை என் வீட்டில் வைத்திருப்பேன்' என்று கடைசி நாளுக்கு முன் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. அடுத்த பெயர் கிருசாந்தினி, றொபேட் சம்மாட்டியின் மகள்.

டிலானிக்குப் பாஸ்போட் எடுத்தாகிவிட்டது. எங்கள் ஆட்களில் கடல் கடந்தவர்கள் எல்லாரும் அகதியாகத்தான் கடந்தோம். இவள் ஒருத்தி விருந்தாளியாகப் போவாள் என்று நான் கல் அரியும்போது நினைத்துக்கொள்வேன்.

எங்களிடம் வந்த பிள்ளையின் பெயர் ரிவ்கா. பதினேழு வயது. முகம் முழுக்கப் புள்ளி, கடித்துக் கடித்துக் குட்டையான நகம், ஆம்பிளைச் சப்பாத்து. வான் அவளை மத்தியானமே இறக்கிவிட்டுப் போய்விட்டது. டிலானிக்குப் பரீட்சை இருந்ததால் மூன்று மணி பஸ்ஸுக்குத்தான் வந்தாள். அதற்குள் நடந்ததுதான் இந்தப் பேணிக் கதை.

மனைவி சோற்றை நாய்க்குக் கொட்டியதை வேலிக்கு அந்தப் பக்கம் பெற்றிசியா பார்த்துவிட்டா. பெற்றிசியா சம்மாட்டியின் பெண்சாதி.

"எடி அகஸ்ரினா, உன்ர வீட்டுச் சோறு லண்டன்காரிக்கும் இறங்கேல்லையோடி?"

"வயித்துக்குச் சரியில்லையாம், அக்கா."

"எங்களிட்ட விட்டிருக்கலாம் அந்தப் பிள்ளையை. ம், என்ன பிள்ளை! பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரைச் சிலுவையில அடிச்ச சனம். அதுகளே உங்கட வீட்டில கை நனைக்க யோசிக்குதுகள் பாரன்."

"ஆண்டவரும் அந்தச் சனத்திலதான் பிறந்தவர். உபதேசியார் சொன்னவர்," என்றாள் என் மனைவி.

"ஓமடி, உனக்கு உபதேசியார் சொல்லுவார்," என்று சிரித்துக்கொண்டு போனா.

யூதர் என்றால் எனக்கும் பெரிய வெள்ளிக்கிழமைதான் தெரியும். நேரில் கண்டதில்லை. ஆனால் அன்று எனக்கு ஏறின ஆத்திரத்துக்கு ஆண்டவர் காரணம் இல்லை. பெற்றிசியாவின் சிரிப்புத்தான் காரணம்.

டிலானி வந்தாள். உள்ளே அந்தப் பிள்ளையோடு இங்கிலீசில் கதைத்தாள். பிறகு என்னிடம் வேகமாக வந்தாள்.

"அப்பா, அந்தச் சாப்பாடு..."

"அந்தக் கதையை எடுக்காதே."

"சொல்லுறதைக் கேளுங்கோ அப்பா, அவள் ஏன் சாப்பிடேல்லை எண்டால்..."

"ஏன் எண்டு எனக்குத் தெரியும். உனக்கு இப்பதான் பதினாறு. நான் அம்பத்திரண்டு வருசமாப் பார்க்கிறன்."

சேர்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். குடியேற்றத்தின் கடைசியில் பாலர் பள்ளிக்கூடம் கட்டுகிறோம். அங்கே சீமெந்துச் சாக்கை விரித்துப் படுத்தேன்.

மறுநாள் அந்த எட்டுப் பிள்ளைகளும் அதே கட்டடத்துக்குச் சிரமதானத்துக்கு வந்தார்கள். கையுறை போட்டு, தொப்பி போட்டு, களிம்பு பூசி வந்தார்கள். மேசன் ஜமால்தீன் நானா சிலாவத்துறைக்காரர், புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

"இதுகளோ யஹூதிப் பிள்ளைகள்? இவங்கட நாட்டான் அங்க குண்டு போடுறான், இதுகள் இங்க வந்து எனக்குச் சாந்து குழைக்குதுகள். அல்லாஹ்ட வேலையைப் பார்த்தியா சந்தியோகு?"

"இவையள் லண்டனாம், நானா."

"எங்கயாவது இருக்கட்டும். கல்லைக் கோணல் இல்லாமத் தந்தாச் சரி."

நான் ரிவ்காவுக்கு மட்டும் பெரிய தாச்சியைக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு அரைத் தாச்சி மண். அவளுக்கு நிரப்பி நிரப்பிப் போட்டேன். தலையில் வைக்கச் சும்மாடு கொடுக்கவில்லை. அவள் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நடையில் மூச்சு வாங்கியது. நாலாம் நடைக்கு வந்து தாச்சியை என் காலடியில் 'டங்' என்று போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். போடு என்கிற பார்வை. போட்டேன். அப்படி எட்டு நடை நடந்தாள். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை.

பத்து மணிக்கு ஓய்வு. பீப்பாவுக்குப் பக்கத்தில் குடிக்கப் பிளாஸ்ரிக் பேணிகள் அடுக்கியிருந்தன. ரிவ்கா தன் போத்தல் முடிந்துபோய்ப் பீப்பாவடிக்கு வந்தாள். நான்தான் பக்கத்தில் நின்றேன். பேணியை எடுக்கக் கை நீட்டினாள். பேணி அடுக்கை நான் பின்னால் தள்ளினேன். செம்பில் தண்ணீரை மொண்டு, கையைப் பிடி என்று காட்டினேன். செம்பைத் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். படாமல் ஊற்றினேன்.

எனக்கு எத்தனை பேர் அப்படி ஊற்றியிருப்பார்கள். ஊற்றுகிற பக்கம் நின்றது அன்றைக்குத்தான்.

சாந்து குழைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஜமால் நானா சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் இந்தச் சனத்தோட கோபம் இருக்கு. பள்ளிவாசல்ல துஆவும் கேக்கிறன். ஆனாத் தண்ணியில விளையாடாத சந்தியோகு."

பிள்ளை குடிக்கவில்லை. வலக்கையை நீட்டி நனைத்தாள், திருப்பி நனைத்தாள். இடக்கையை நீட்டி அதே மாதிரி. ஊற்று, இன்னும் ஊற்று என்று தலையால் காட்டினாள். பிறகு கையை உயர்த்திக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். துடைத்தாள். பையிலிருந்து ஒரு துண்டுக் கோதுமைப் பாணை எடுத்துக் கடித்தாள். கடித்த பிறகு என்னைப் பார்த்து, வந்து இரண்டு நாளில் முதல் தரம் சிரித்தாள்.

"நன்றி," என்றாள். தமிழில்.

அவர்களுக்குப் பாண் தின்னமுன் பாத்திரத்தால் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது வேத முறையாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரம், ஓங்கின கை காற்றில் போன மாதிரி இருந்தது. அவமானப்பட வேண்டியவள் நன்றி சொன்னால் என்ன செய்வது? செம்பைப் பீப்பாவுக்குள் எறிந்தேன்.

ஆனால் டிலானியோடு சிரமதானத்துக்கு வந்திருந்த கிருசாந்தினி பார்த்துக்கொண்டு நின்றாள். தன் தாயின் கண் அவளுக்கு. ரிவ்காவின் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து காதோடு காதாக இங்கிலீசில் சொன்னாள். சொல்லும்போது கையைக் குவித்துக் காட்டினாள், குனிந்து நக்குகிற மாதிரியும் காட்டினாள். ரிவ்கா மெல்லுவதை நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். காய்ந்த கையைக் காற்சட்டையில் திரும்பவும் துடைத்தாள். எழும்பி நேரே தன் ரீச்சரிடம் போனாள்.

டிலானி ஓடி வந்தாள். கையில் ஒரு கடதாசி.

"என்ன செய்தனீங்கள் அப்பா?"

"என்ர வீட்டில தின்னாதவளுக்கு என்ர கையால பேணி குடுக்க மாட்டன்."

"இதை வாசியுங்கோ."

"என்ன அது?"

"ஞாயிற்றுக்கிழமை சிஸ்ரர் தந்த கடதாசி. நான் வாசிச்சுச் சொல்லட்டோ எண்டு கேட்டனான். எனக்குக் கண் இருக்கு எண்டு பறிச்சனீங்கள். இப்ப வாசியுங்கோ."

எனக்கு எழுத்து நாற்பத்தொரு வயதில், முகாமில், பின்னேர வகுப்பில் வந்தது. பெரிய எழுத்தென்றால் வாசிப்பேன். அச்செழுத்துச் சின்னதென்றால் குத்து எது கொம்பு எது என்று தடவித் தடவித்தான் போவேன். ஆனாலும் வாசிக்கத் தெரியாதவன் என்று யாரும் சொல்லக்கூடாது. கடதாசியை வாங்கி, விரல் வைத்து, எல்லாருக்கும் முன்னால் வாசித்தேன்.

"விருந்தினருக்கு... செத்தலற்ற மீன்... பரிமாறுவதை... தவிர்க்கவும்." நிமிர்ந்தேன். "என்ன பிழை? செத்தல் இல்லாத மீன் குடுக்கக்கூடாதாம். முப்பது செத்தல் போட்டுத்தான் குடுத்தனாங்கள்!"

சாந்து குழைத்தவன் ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு மற்றவன். ஜமால் நானா அடக்கிப் பார்த்தார், முடியாமல் சாரத்தை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினார். டிலானி சிரிக்கவில்லை.

"செத்தல் இல்லை அப்பா. செதில். செதிலற்ற. மீன்ர செதில், நாங்கள் செதிள் எண்டு சொல்லுறது. செதிள் இல்லாத மீன் அவைக்கு விலக்கு, நானாவுக்குப் பன்றி மாதிரி. திருக்கைக்குச் செதிள் இருக்கோ?"

நான் திரும்பவும் கடதாசியில் விரலை வைத்தேன்.

"அடுத்த சொல்லு என்ன?"

"அது விளங்கேல்லை."

"ஓட்டுடலிகள். நண்டு, இறால். சம்பலில கூனி, பூசணிக்காயில கூனி. அந்தப் பீங்கானில அவள் தின்னக்கூடிய ஒரு வாய் இருந்ததோ? நேற்று அதைத்தானே சொல்ல வந்தனான். சொல்ல விட்டனீங்களோ?"

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. மகள்மேல் ஆத்திரம்.

"இத்தனை பேருக்கு முன்னால என்னை வாசிக்க வைச்சிட்டாய் என்ன?"

"நீங்கள் இத்தனை பேருக்கு முன்னாலதானே ஊத்தினீங்கள்," என்றாள்.

பிள்ளைகளோடு வந்திருந்த சிஸ்ரர் கூப்பிட்டா. சீமெந்து வைத்திருக்கும் ஓலைக்கொட்டிலுக்குள் இரண்டு கதிரை. ஒன்றில் சிஸ்ரர், மற்றதில் லண்டன் ரீச்சர், மடியில் கையெழுத்துக் கடதாசிக் கட்டு. ரிவ்கா இருக்காமல் நின்றாள். கொட்டில் வாசலில், பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த சாட்டில் பெற்றிசியா, பக்கத்தில் கிருசாந்தினி. போகச் சொல்லியும் போகவில்லை.

சிஸ்ரர் குரலைக் குறைத்துச் சொன்னா.

"சந்தியோகு, நான் அவைக்குச் சொல்லிப்போட்டன், பெரியாக்கள் விருந்தாளிக்குக் கைக்குத் தண்ணி ஊத்திறது எங்கட ஊர் மரியாதை எண்டு. கிருசாந்தினி தெரியாமச் சொல்லிப்போட்டாள் எண்டு. நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். அந்தப் பிள்ளை கையெழுத்து வைக்கும். விளங்குதோ?"

"ஓம், சிஸ்ரர்."

ரிவ்கா என்னைப் பார்த்தே கேட்டாள். டிலானி மொழிபெயர்த்தாள்.

"தண்ணியை ஏன் அப்பிடி ஊத்தினீங்கள் எண்டு கேக்கிறாள்." பிறகு உதடு அசையாமல், "சிஸ்ரர் சொன்னதையே சொல்லுங்கோ அப்பா. உங்கட காலைப் பிடிக்கிறன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மரியாதை என்ற சொல் நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. அப்போது வாசலில் பெற்றிசியா தலையை ஆட்டினா. 'ஓம், சொல்லு' என்கிற மாதிரி. எனக்கு உதவி செய்கிற மாதிரி.

இதை நான் மரியாதை என்று சொன்னால், இவ்வளவு காலமும் இவர்கள் எனக்கு ஊற்றினதும் மரியாதைதான். என் தகப்பனுக்கு ஊற்றினதும். என் வாயாலேயே சொன்னதாகிவிடும், அதுவும் சிஸ்ரருக்கும் வெள்ளைக்காரிக்கும் முன்னால். நாளைக்குப் பெற்றிசியா என் மனைவியின் கைக்குள் ஊற்றும்போது, உன்ர புருசனே சொன்னவர்தானே என்று கேட்பா.

"மரியாதை இல்லை," என்றேன்.

"சந்தியோகு!" என்றா சிஸ்ரர்.

"மரியாதை இல்லை, சிஸ்ரர். இந்த ஊரில எங்கட ஆக்களுக்கு இப்பிடித்தான் ஊத்திறவை. நாங்கள் தொட்டால் பேணி தீட்டு. இந்தப் பிள்ளை என்ர வீட்டுச் சோத்தைத் தொடாத உடன, இதுவும் அந்த ஆக்கள் மாதிரி எண்டு நினைச்சன். அவமானப்படுத்தத்தான் ஊத்தினனான். டிலானி, சொல்லு."

டிலானி சிஸ்ரரைப் பார்த்தாள். கண் நிறைந்து நின்றது.

"சொல்லு எண்டுறன்!"

சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். எனக்கு இங்கிலீசு தெரியாது. 'பிஷ்' என்ற சொல் மட்டும் விளங்கியது, அதுவும் இரண்டு தரம். லண்டன் ரீச்சர் கடதாசிக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டா. ரிவ்காவின் முகத்தில் புள்ளிகள் எல்லாம் சிவப்பாகின. ஏதோ கேட்டாள்.

"ஊத்திறவை ஆர் எண்டு கேக்கிறாள்," என்றாள் டிலானி.

"அந்தா, வாசலில நிக்கிறா. தேத்தண்ணி கொண்டுவந்தவ."

டிலானிக்கு மொழிபெயர்க்க வேலை இருக்கவில்லை. என் கை நீண்ட பக்கம் எல்லாரும் பார்த்தார்கள்.

"என்னடா கதைக்கிறாய்? நாலு எழுத்துத் தெரிஞ்ச உடன வாய் வந்திட்டுதோ? உன்னை வேலைக்குக் கூப்பிடுற என்ர அவருக்குச் சொல்லுறன் இரு!" பெற்றிசியா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. தேத்தண்ணிப் பாத்திரம் அங்கேயே இருந்தது.

ரிவ்கா வாசலில் இருந்து திரும்பினாள். பிறகு தன் ரீச்சரிடம் கையை நீட்டினாள். ரீச்சர் ஏதோ சொல்லித் தடுத்துப் பார்த்தா. கேட்கவில்லை. கடதாசியை வாங்கி, சீமெந்துச் சாக்கின் மேல் வைத்து, பேனையை அழுத்திக் கையெழுத்து வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே, கோபம் கொஞ்சமும் குறையாமல், டிலானியிடம் இரண்டு வசனம் சொன்னாள்.

"என்னவாம்?"

டிலானி மூக்கைத் துடைத்தாள். "நான் வரலாமாம். அவளின்ர வீட்டில ஒரே மேசையில இருந்து சாப்பிடலாமாம்."

"மற்றது?"

"உங்களை மன்னிக்கேல்லையாம். அதையும் கட்டாயம் சொல்லட்டாம்."

"நான் கேக்கேல்லை எண்டு சொல்லு."

டிலானி அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமல் சிஸ்ரருக்குப் பின்னால் வெளியே போனாள். ஆவணி மாதம் பஸ் ஏறும்வரை என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள்.

"சந்தியோகு! சாந்து இறுகுது!" என்று ஜமால் நானா சாரக்கட்டில் நின்று கத்தினார். நான் தாச்சியைத் தூக்கிக்கொண்டு போனேன்.